மூங்கிலடியில் மெதுநடை

தேக்கா என்ற பெயருக்குள் ஒரு கால் இருக்கிறது. ஹொக்கியன் மொழியில் ‘தெக் கியா கா’ என்றால் சிறுமூங்கிலடி. ரோச்சோர் கால்வாயோரம் மூங்கில் மண்டிக் கிடந்த காலத்தில் வந்த பெயர். ‘கா’ என்பது காலையும் குறிக்கும், ஒன்றின் அடிப்பகுதியையும் குறிக்கும். மலாயில் ‘காக்கி’யும் அப்படித்தான். காக்கி புக்கிட் என்றால் மலையடி. கடைவீடுகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதைக்கு ‘காக்கி லிமா’ என்று பெயர்; அங்கே காக்கி ஓர் அளவு. தமிழில் ‘அடி’ இந்த வேலைகளை எல்லாம் ஒற்றைச் சொல்லாக நின்று செய்கிறது. பாதமும் அடி, மலையின் கீழும் அடி, அளவும் அடி. போதாததற்கு, விழுந்தால் படுவதும் அடி.

பிறந்ததிலிருந்து புழங்கும் இந்தச் சொற்களை இப்போது யோசிக்க நேரம் கிடைத்திருக்கிறது. ஆகஸ்டில் எங்கள் புளோக் படிக்கட்டில் இறங்கும்போது வலது பாதம் உள்பக்கமாக மடங்கியது. எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான் என்றார் மருத்துவர். ஆறு வாரம் என்று எல்லோரும் சொன்னார்கள். நான்கு மாதம் ஆகிவிட்டது. நீண்ட நேரம் நின்றால் மாலையில் இன்னும் வீங்குகிறது. தைப்பூசத்துக்கு ஏழு வாரம் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலில் பால்குடம் எடுத்து, சிராங்கூன் சாலை, செலிகி சாலை வழியாக டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை நடப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஏறத்தாழ 3 கிலோமீட்டர், வெறுங்காலில்.

அந்த நடைக்குத் தயாராக, நான்கு மாதமாக லிட்டில் இந்தியாவையும் மற்ற இடங்களையும் மெதுவாக நடந்து பார்த்துவருகிறேன். வேகமாக நடப்பவர்கள் பார்க்காத ஒரு சிங்கப்பூர் இருக்கிறது.

ஏன் இவ்வளவு நாள்?

கணுக்காலின் வெளிப்பக்கத்தில் எலும்போடு எலும்பைக் கட்டிவைக்கும் தசைநார்கள் மூன்று. பாதம் உள்பக்கம் மடங்கும்போது முதலில் இழுபடுவது அவற்றில் முன்னால் இருப்பது. தசையோடு ஒப்பிட்டால் தசைநாருக்கு ரத்த ஓட்டம் குறைவு. அதனால் ஆறுவதும் மெதுவாகத்தான். முதல் சில நாள் வீக்கம். பிறகு சில வாரங்களுக்குப் புது இழைகள் தாறுமாறாக வளர்கின்றன. அந்த இழைகள் ஒழுங்காகப் படிந்து, பழைய பலத்துக்குப் பக்கத்தில் வர மாதங்கள் ஆகும். சிலருக்கு ஓர் ஆண்டுகூட.

கிழிந்த நாரோடு இன்னொன்றும் போய்விடுகிறது. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று கண் பார்க்காமலே மூளைக்குச் சொல்லும் உணர்வு அது. பிரிட்டிஷ் எலும்பு மருத்துவர் மைக்கேல் ஃப்ரீமேன் 1965இல் இதைப் பற்றி எழுதினார். சுளுக்கிய கால் மீண்டும் மீண்டும் மடங்குவதற்கு இந்த உணர்வு மங்குவதும் காரணம் என்று கூறி, ஆடும் பலகையில் நின்று பழகும் பயிற்சியைப் பரிந்துரைத்தார். இன்றும் இயன்முறை மருத்துவர்கள் தரும் வீட்டுப்பாடம் அதன் வழிவந்ததுதான். ஒற்றைக் காலில் 30 விநாடி நில்லுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள். பல் துலக்கும்போது செய்தால் தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம்.

முதல் நாள் ஊடுகதிர்ப் படம் தேவையா என்று பார்க்கவும் ஓர் எளிய வழி இருக்கிறது. 1992இல் கனடாவின் ஒட்டாவா மருத்துவர்கள் வகுத்த விதி அது. அடிபட்டவுடனும் மருத்துவரிடம் போனபோதும் நான்கு அடி நடக்க முடிந்து, கணுக்காலில் குறிப்பிட்ட எலும்பு முனைகளை அழுத்தினால் வலி இல்லை என்றால் பெரும்பாலும் முறிவு இருக்காது. அங்கேயும் அடிக்கணக்குதான்.

தைலமும் நீவலும்

நம் வீடுகளில் சுளுக்குக்கு முதலில் வருவது தைலப் புட்டி. தமிழ்நாட்டு உறவினர்கள் சிங்கப்பூரிலிருந்து கேட்டு வாங்கும் கோடாலித் தைலத்தை 1928இல் தொடங்கிய லியுங் காய் ஃபூக் நிறுவனம் இங்கேதான் தயாரிக்கிறது. ரங்கூனில் மருந்துக்கடை வைத்திருந்த ஓ பூன் ஹோ, ஓ பூன் பார் சகோதரர்கள் 1926இல் சிங்கப்பூருக்கு வந்த பிறகு டைகர் பாம் உலகெங்கும் போனது. தேக்காவைச் சுற்றி எந்த மருந்துக்கடையிலும் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கற்பூரமும் மெந்தாலும் தோலில் குளிர்ச்சியும் சூடும் கொடுத்து வலியை மறக்கச் செய்யும். கிழிந்த நாரை அவை ஒட்டாது. வலி மறந்த தைரியத்தில் கூடுதலாக நடந்துவிடும் ஆபத்தும் உண்டு.

சீனர்களுக்கு எலும்பு கட்டும் சின்சே, மலாய்க்காரர்களுக்கு ஊருட், நமக்குச் சுளுக்கு நீவுபவர். கால் முன்னால் வந்து பிறந்தவர் மிதித்தால் பிடிப்பு விடும் என்று நம்பும் பாட்டிகள் இங்கும் இருக்கிறார்கள். மூன்று சமூகத்துக்கும் மருத்துவர்கள் சொல்லும் எச்சரிக்கை ஒன்றே. வீக்கம் புதிதாக இருக்கும் முதல் சில நாளில் அழுத்தி நீவக் கூடாது. உள்ளே ரத்தக்கசிவு கூடும்.

பனிக்கட்டி பற்றியும் கருத்து மாறியிருக்கிறது. ஓய்வு, பனிக்கட்டி, அழுத்துக்கட்டு, உயர்த்திவைத்தல் என்ற நான்கு படி வழிமுறைக்கு 1978இல் பெயர் வைத்தவர் அமெரிக்க மருத்துவர் கேப் மெர்க்கின். பனிக்கட்டியும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று 2014இல் அவரே எழுதினார். வலி தாங்கும் அளவுக்குக் காலைச் சீக்கிரமே பயன்படுத்துங்கள் என்பதுதான் இன்றைய அறிவுரை. அப்படியானால் எங்கே நடப்பது? இந்த ஊர் அதற்குப் படிப்படியாக இடம் வைத்திருக்கிறது.

கூரைக்குக் கீழே முதல் மாதம்

முதல் படி சமதளம். ஒவ்வொரு பெருவிரைவு ரயில் நிலையத்திலும் படி ஏறாமல் போக ஒரு வழியாவது இருக்கிறது. 2020 டிசம்பரிலிருந்து எல்லாப் பொதுப் பேருந்துகளும் சக்கர நாற்காலி ஏறக்கூடிய தாழ்தளப் பேருந்துகள். 2013இல் தொடங்கிய திட்டத்தில், ரயில் நிலையங்களைச் சுற்றி 400 மீட்டர் தூரத்துக்குள் கூரையுள்ள நடைபாதைகள் நீண்டன. சில ஆண்டுகளில் 200 கிலோமீட்டர் சேர்ந்தன. மழைநாளில் ஈரத்தரை இல்லாமல் நடப்பதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

சிக்கல் வேறொன்று. மாவுக்கட்டும் ஊன்றுகோலும் போன பிறகு காலில் ஒன்றும் தெரியாது. முன்னுரிமை இருக்கையில் உட்கார்ந்தால் பார்வைகள் வரும். இப்படி வெளியே தெரியாத உபாதை உள்ளவர்களுக்காகவே, இருக்கை கேட்கும் ஒட்டுவில்லையை 2019இல் சோதனையாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். சட்டையில் ஒட்டிக்கொண்டால் வாய் திறந்து விளக்க வேண்டியதில்லை.

சாலையைக் கடப்பதும் அப்படியே. 2009இல் வந்த ‘பச்சை மனிதன் பிளஸ்’ திட்டத்தில், 60 வயதைத் தாண்டியவர்களும் உடற்குறையுள்ளோரும் தங்கள் அட்டையைக் கம்பத்தில் தட்டினால், சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 விநாடி கூடுதலாகப் பச்சை எரியும். முப்பது வயதுச் சுளுக்குக்கு அந்த அட்டை கிடைக்காது. ஒரு நாள் சாலையோரம் தயங்கி நின்றபோது, பக்கத்தில் நின்ற பாட்டி என் காலைப் பார்த்துவிட்டுத் தன் அட்டையைத் தட்டினார். “வா ஆயி, ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் தட்டியிருக்கேன்” என்றார். நிதானமாகவே கடந்தோம்.

ஐந்தடியில் ஒரு பாடம்

சமதளம் பழகிய பிறகு அடுத்த படி மேடுபள்ளம். அதற்கு லிட்டில் இந்தியாவைப் போல் வேறு இடம் இல்லை.

1822 நவம்பரில் ராஃபிள்ஸ் நகரக் குழுவுக்கு அனுப்பிய உத்தரவில், தெருவின் இருபுறமும் வீடுகளுக்கு முன்னால் தொடர்ச்சியாகக் கூரையுள்ள திறந்த நடைவழி இருக்க வேண்டும் என்று எழுதினார். அதுதான் ஐந்தடி நடைபாதை. கூரை தொடர்ந்தது, தரை தொடரவில்லை. ஒவ்வொரு கடைக்காரரும் தம் வாசலைத் தம் வசதிக்கு உயர்த்தினார், தமக்குப் பிடித்த ஓடு பதித்தார். 1989இல் இந்த வட்டாரம் மரபுப் பாதுகாப்புக்குள் வந்ததால் அந்த ஏற்ற இறக்கம் இன்றும் அப்படியே இருக்கிறது. டன்லப் ஸ்திரீட்டில் பத்துக் கடை நடந்தால் கால் பத்து விதமான தரையைச் சந்திக்கும். ஒரு சாண் படி, சரிவு, வழவழப்பான பூ ஓடு, வடிகால் மூடி, காய்கறிப் பெட்டி.

கண்ணைத் தரையிலேயே வைத்தால் காலுக்குப் பயிற்சி கிடைக்காது, எதிரே வருபவரோடு மோதவும் நேரும். மூன்றடி முன்னால் பார்த்து, மிதிப்பதைப் பாதத்திடம் விட்டுவிட வேண்டும். காயத்துக்கு முன்னால் எல்லோரும் யோசிக்காமல் செய்தது இதைத்தான். ஆரம்பத்தில் கேம்பல் லேன் நல்லது. வாகனம் வராது, தரை சமம், களைத்தால் இந்திய மரபுடைமை நிலையத்தில் உட்காரலாம். பிறகு பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு. 1900இல் கட்டிய டான் டெங் நியா வீட்டின் வண்ணச் சன்னல்களைப் படம் எடுக்கப் பின்னால் நகர்பவர்களிடம் கவனம் தேவை. தேக்கா ஈரச்சந்தையில் மீன்கடைப் பக்கம் தரை எப்போதும் நனைந்திருக்கும். அது கடைசிப் பாடம்.

வாரநாள் காலை பத்து மணி தோது. பூக்கடைகளில் மாலை கட்டி முடித்து மூச்சு விடும் நேரம். வாரம் இருமுறை என்னைப் பார்க்கும் பூக்கார அக்கா, “இன்னிக்கு நொண்டல் கொறஞ்சிருக்கு, ஆனா வலது பக்கம் இன்னும் பயந்து வெக்கிறம்மா” என்றார். இயன்முறை மருத்துவர் முந்தின நாள் கண்டுபிடித்ததும் அதைத்தான்.

கோயிலில் செருப்பைக் கழற்றியதும் பாடம் மாறுகிறது. வெறும் பாதத்துக்குக் கல்லின் சூடு, ஈரம், இணைப்புக் கோடு எல்லாம் தெரியும். மங்கிய உணர்வைத் தட்டி எழுப்ப அது உதவுகிறது. பிராகாரத்தை மூன்று சுற்று நிதானமாக வந்தால் போதும். கூட்டம் நெருக்கும் வெள்ளிக்கிழமை மாலை வேண்டாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஞாயிறு மாலை லிட்டில் இந்தியா ஊழியர்களின் ஊர். திடலோரம் ஒரு தம்பி கணுக்காலில் பட்டை சுற்றி உட்கார்ந்திருந்தார். கட்டுமானத் தளத்தில் ஏணியிலிருந்து இறங்கும்போது பிசகியதாம். “எம்சி முடிஞ்சிருச்சுக்கா, நாளைக்கு ஏறணும். வலிக்குதுன்னு சொன்னா அனுப்பிருவாங்களோன்னு பயமா இருக்கு” என்றார். எனக்கு வீக்கம் வந்தால் வீட்டிலிருந்து வேலை செய்யலாம். அவருக்குச் சாரத்தில் ஒரு கால் தடுமாறினால் என்ன ஆகும் என்று நினைத்தபோது பேச்சு வரவில்லை.

அவரிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் வெளிநாட்டு ஊழியர்களுக்கும் பொருந்தும். வேலையில் பட்ட காயத்துக்கு மருத்துவ விடுப்புக் காலச் சம்பளமும் மருத்துவச் செலவும் உண்டு. 2020 செப்டம்பரிலிருந்து, மருத்துவர் இலகு வேலை எழுதிக்கொடுத்த நாள்களும் அதில் சேரும். ஆகவே வலி இருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் திரும்பப் போய் அதைக் கேட்க வேண்டும். உங்களுக்குத் தெரிந்த ஊழியர் யாராவது நொண்டினால் இந்த ஒரு வரியைச் சொல்லுங்கள்.

பூமலையும் பழைய ரயில் தடமும்

கடைசிப் படி மண். நம் மூத்தவர்கள் பூமலை என்று அழைக்கும் தாவரவியல் தோட்டம் 1859இல் உருவானது, 2015இல் யுனெஸ்கோ மரபுடைமைத் தலமானது. அங்கே பாதையை விட்டுப் புல்வெளியில் இறங்கினால் மென்மையான, சமமற்ற தரை. தடுமாறினாலும் அடி பலமாகப் படாது. அடுத்தது, 2011இல் ரயில் ஓடுவது நின்ற 24 கிலோமீட்டர் பழைய மலாயா ரயில் தடம். சரிவு குறைவு, நினைத்த இடத்தில் திரும்பிவிடலாம். மெக்ரிட்சியின் வேர் புடைத்த காட்டுப் பாதை அதற்கும் பிறகு. இறக்கம் ஏற்றத்தைவிடக் கடினம் என்பதை முதல் நாளே கால் சொல்லிவிடும்.

அளவுகோல் ஒன்றுதான், மறுநாள் காலை. நடக்கும்போது லேசான வலி இருக்கலாம். மறுநாள் வீக்கமோ வலியோ கூடியிருந்தால் முந்தின நாள் தூரம் அதிகம். கூடவில்லை என்றால் அடுத்த வாரம் கொஞ்சம் சேர்க்கலாம். ஆறு வாரத்துக்குப் பிறகும் கால் திடீரென வழுக்கினாலோ, மூட்டு பூட்டிக்கொண்டாலோ, ஒரே இடத்தில் ஆழமாக வலித்தாலோ மறுபடி மருத்துவரைப் பார்ப்பது அவசியம். குருத்தெலும்புக் காயமோ முதலில் கண்ணில் படாத முறிவோ இருக்கலாம்.

சென்ற வாரம் பெருமாள் கோயில் வாசலிலிருந்து டேங்க் ரோடு வரை காலணியோடு நடந்து பார்த்தேன். இடையில் இரண்டு முறை உட்கார்ந்து, ஒன்றேகால் மணி நேரம் ஆனது. மறுநாள் வீக்கம் கொஞ்சம் இருந்தது. அது முழுவதும் நிற்கும்வரை பால்குடம் பற்றி முடிவு செய்வதில்லை என்று வீட்டில் பேசியிருக்கிறோம். “இந்த வருஷம் இல்லேன்னா அடுத்த வருஷம். முருகன் எங்கேயும் போயிடமாட்டாரு” என்கிறார் மாமியார். அடுத்த வெள்ளி மறுபடி நடந்து பார்க்க வேண்டும்.