சீட்டில்லாமல் விற்றவன்

நான் மெடிக்கல் ஷாப் நடத்துகிறேன். டி.பார்ம் படித்தவன். நான் விற்ற க்ரீம் ஒரு பெண்ணின் முகத்தைக் கெடுத்தது. தெரியாமல் விற்றேன் என்று தப்பிக்க எனக்கு வழியில்லை. ஸ்டீராய்டு க்ரீம்கள் 2018-லேயே ஷெட்யூல் எச் பட்டியலுக்குள் வந்துவிட்டன. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அட்டையிலேயே அச்சடித்திருக்கிறது. அது தெரிந்துதான் விற்றேன்.

அவள் ஜவுளிக்கடையில் சேல்ஸ் வேலை பார்த்தாள். நெற்றி முழுக்கப் பொரிப்பொரியாக இருந்தது. "அண்ணா, இது பருவா? ரொம்ப அரிக்குது" என்றாள்.

பார்த்தேன். சந்தேகமும் வந்தது. பரு என்றால் கரும்புள்ளி, வெள்ளை முனை, சீழ்க்கட்டி என்று சின்னதும் பெரிதுமாகக் கலந்திருக்கும். வலிக்கும், இவ்வளவு அரிக்காது. அவள் நெற்றியில் இருந்தவை எல்லாம் ஒரே அளவு. கரும்புள்ளி ஒன்றுகூட இல்லை. எல்லோர் தோலிலும் இருக்கிற மலசீசியா என்ற பூஞ்சை, வியர்வையில் பெருகி மயிர்க்கால்களுக்குள் இறங்கினால் இப்படித்தான் வரும். ஆனால் கடையில் கூட்டம். எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எனக்குத் தெரியலம்மா, டாக்டரைப் பாரு" என்று சொல்ல வாய் வரவில்லை.

"பருதான்" என்றேன்.

ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் மூன்றும் கலந்த ட்யூபை எடுத்துக் கொடுத்தேன். மங்குக்காக, கொஞ்ச காலத்துக்கு மட்டும் டாக்டர்கள் எழுதித்தருகிற மருந்து அது. எங்கள் பக்கத்தில் அதை வெள்ளையாகும் க்ரீம் என்றுதான் கேட்டு வாங்குவார்கள்.

சீக்கிரமே அரிப்பு அடங்கியது. முகமும் வெளுத்தது. ஸ்டீராய்டு அழற்சியை அமுக்கும், பூஞ்சையைக் கொல்லாது. அவளுக்கு அது தெரியாது. கூட வேலை பார்க்கும் பெண்களையும் கூட்டிவந்தாள். "டாக்டரே வேணாம், எங்க அண்ணா போதும்" என்றாள். அந்தப் பேச்சு எனக்கு இனித்தது. ஒரு ட்யூபில் லாபம் சில ரூபாய்தான். பெருமைக்குத்தான் விற்றேன்.

பூசுவதை நிறுத்தினால் முகம் சிவந்து எரிந்தது. பூசினால் அடங்கியது. மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அதையே சாட்சியாக்கினேன். கடைசியில் அதுவும் கேட்காமல் போனபோது, அதைவிட வீரியமான குளோபெட்டசால் கொடுத்தேன். முதல் தடவை கூச்சத்தில் செய்தேன் என்று வாதாடலாம். இதற்கு என்னிடம் வாதம் இல்லை. அன்று கடையில் அவளைத் தவிர யாரும் இல்லை.

கன்னத்தில் ரத்தக்குழாய்கள் நூல் நூலாகத் தெரிந்தன. தாடையில் முடி வளர்ந்தது. வாயைச் சுற்றிப் புதிய பொரிகள். வெயிலில் நிற்க முடியவில்லை. ஜவுளிக்கடையில் அவளை கவுண்டரிலிருந்து எடுத்து குடோனில் போட்டார்கள். விற்பனைக்குக் கிடைத்துவந்த கமிஷன் நின்றது.

தோல் டாக்டர் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார். ஸ்டீராய்டை நிறுத்தச் சொன்னார். பூஞ்சைக்கு மாத்திரை எழுதினார். நிறுத்தியதும் கொஞ்ச காலம் முகம் இன்னும் மோசமாகும் என்று முன்கூட்டியே சொல்லியிருக்கிறார். அப்படியே ஆனது. அந்தச் சீட்டை என் கடைக்கே கொண்டுவந்தாள்.

"எந்தக் கடைல வாங்கினேன்னு கேட்டாங்க. நான் சொல்லலண்ணா."

மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். அதற்கும் காசு வாங்கினேன். மன்னிப்புக் கேட்கவில்லை, பக்கத்தில் ஒருவர் நின்றிருந்தார்.

அவள் கூட்டிவந்த பெண்கள் இப்போது என் கடைக்கு வருவதில்லை. அதே ட்யூபை வேறு கடையில் வாங்கிக்கொண்டிருக்கலாம். பழக்கிவிட்டது நான்.

உங்கள் வீட்டில் யாராவது டாக்டர் எழுதாமல் முகத்துக்கு க்ரீம் பூசினால், அந்த ட்யூபை வாங்கிப் பாருங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று ஏதாவது பெயர் இருந்தால், அதை எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போங்கள். எந்தக் கடையில் வாங்கியது என்று அவர் கேட்டால், தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.