திருக்கோணமலைக் கடலில் ஒரு பாட்டியின் குடும்பம்

மயிலாப்பூர்க்காரர்களுக்குச் சமுத்திரம் ஒன்றும் புதிசு இல்லை. மாட வீதியில் நின்றாலே சாயங்காலம் உப்புக்காற்று முகத்தில் அடிக்கும். ஆனால் கரையில் நின்று காலை நனைத்துக்கொண்டு, சுண்டல் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்புவதோடு சரி. நடுக்கடல் எப்படி இருக்கும் என்று நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? எனக்கு அந்த பாக்கியம் 2024 மே மாதம், 47 வயதில், இலங்கையில் கிடைத்தது.

திருக்கோணமலைக்குப் போகவேண்டும் என்பது என் மாமியாரின் வெகுநாள் ஆசை. திருஞானசம்பந்தர் நம் கபாலீசுவரரையும் பாடியிருக்கிறார், கோணேசுவரரையும் பாடியிருக்கிறார். இரண்டும் கடலோரக் கோயில்கள். போர்த்துகீசியர் காலத்தில் இரண்டுக்குமே கஷ்டம் வந்தது. மயிலையில் கரையோரம் இருந்த பழைய கோயில் போய், இப்போதிருக்கும் இடத்தில் எழுந்தது. கோணேசுவரத்தை 1620களில் இடித்தார்கள்; நாம் இன்று தரிசிப்பது பிற்காலத்தில் மறுபடி எழுப்பியது. கொழும்பிலிருந்து சுமார் 260 கிலோமீட்டர் காரில் போய், சுவாமி மலை உச்சியில் தரிசனம் செய்தோம். கீழே எட்டிப்பார்த்தால் தலை சுற்றுகிறது. நேர் செங்குத்தாகப் பாறை, அடியில் நீலக்கடல். "சில நாளைக்கு இஞ்ச நிண்டே நீலத் திமிங்கலத்தைப் பாக்கலாம்" என்றார் அங்கே பூ விற்ற அம்மாள்.

கரைக்கு இத்தனை அருகில் திமிங்கலம் வருவதற்குக் காரணம், அங்கே கடலுக்கடியில் ஒரு பெரிய பள்ளத்தாக்கு இருப்பதுதான். துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே ஆழம் கிடுகிடுவென்று இறங்கிவிடுகிறது. மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று கொந்தளிக்கும் மாதங்களில் இந்தக் கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். அதனால் மே முதல் ஆகஸ்ட் வரை படகில் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள்.

"நானும் வரேன்!"

படகில் போகலாம் என்று என் பெண் ஆரம்பித்தவுடனேயே வீட்டில் விவாதம். "அம்மா ரூமிலேயே இருக்கட்டும். 74 வயசு, முட்டி வலி வேறே" என்றார் என் கணவர். மாமியார் இரண்டு வருஷமாகவே எதற்கெடுத்தாலும், "நான் எதுக்குடி இனிமே? எடுத்து வைக்கிற மூட்டை மாதிரி" என்று சொல்கிற வழக்கம். அன்று மட்டும், "கோணேசரைப் பார்த்தாச்சு, சமுத்திரத்தையும் பார்த்துடறேன். நானும் வரேன்" என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். மறுபேச்சு இல்லை.

காலை ஆறு மணிக்கு உப்புவெளியில் படகு ஏறினோம். சின்ன ஃபைபர் படகு, பின்னால் ஒரு மோட்டார். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டார்கள். படகோட்டித் தம்பி மாமியாரைக் கைத்தாங்கலாக ஏற்றி, ஆட்டம் குறைவாக இருக்கும் பின்பக்கத்தில் உட்கார வைத்தார்.

ஒரு மணி நேரம் வெறும் தண்ணீர். எனக்கு வயிற்றைப் புரட்டியது. திடீரென்று தம்பி எழுந்து நின்று கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்தார். மோட்டாரை நிறுத்தினார்.

"அக்கா, அசையாமல் இருங்கோ. இது நீலத் திமிங்கலம் இல்லை. ஓர்கா! இத்தனை வருஷத்தில எனக்கு இது மூண்டாம் தரம்."

குக்கர் வெயிட்டைத் தூக்கினாற்போல 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம். ஆள் உயரத்துக்கு ஒரு கறுப்புத் துடுப்பு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழுந்தது. அது ஆண். அதற்கு முன்னால், வளைந்த சின்னத் துடுப்போடு ஒரு பெண். இன்னும் இரண்டு பின்னால். ஒன்றின் விலாவோடு ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி. கண்ணுக்குப் பின்னால் பெரியவற்றுக்கெல்லாம் வெள்ளைத் திட்டு. குட்டிக்கு மட்டும் அது மஞ்சள் பூசினாற்போல இருந்தது.

கொலைகாரத் திமிங்கலம் என்று பெயர் கேட்டிருப்பீர்கள். நிஜத்தில் இது டால்பின் குடும்பத்தில் மிகப் பெரியது. திமிங்கலத்தையே கூட்டமாகச் சேர்ந்து வேட்டையாடுவதால் இந்தப் பெயர். இலங்கைக் கடலில் 2013-ல் ஸ்பெர்ம் திமிங்கலங்களைத் தாக்கியதைப் படமே எடுத்திருக்கிறார்கள். ஆனால் கடலில் சுதந்திரமாகத் திரியும் ஓர்கா ஒரு மனிதரைக் கொன்றதாகப் பதிவு இல்லை. தொட்டியில் அடைத்து வித்தை காட்ட வைத்தவைதான் மனிதரைக் கொன்றிருக்கின்றன. ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம் மட்டும் 2020 முதல் சில ஓர்காக்கள் பாய்மரப் படகுகளின் சுக்கானை உடைத்து வருகின்றன.

இதெல்லாம் என் பெண் பிற்பாடு சொல்லித் தெரிந்துகொண்டது. அப்போது எனக்கு உள்ளங்கை வியர்த்தது. மாமியாரோ கை கூப்பியபடி இருந்தார்.

அந்தச் சமயம் எங்கிருந்தோ இன்னொரு படகு சீறிக்கொண்டு வந்தது. ஃபோட்டோ எடுக்கும் அவசரம். நேரே குட்டி இருந்த பக்கம். மூட்டை என்று தன்னைச் சொல்லிக்கொண்ட என் மாமியார் எழுந்து, படகின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏம்ப்பா, குட்டி இருக்கு! கிட்டே போகாதீங்கோ!" என்று போட்டாரே ஒரு சத்தம்! எங்கள் தம்பியும் கையை வீசினார். அந்தப் படகு வேகத்தைக் குறைத்து நின்றது. குடும்பம் முழுதும் நிதானமாக எங்களைக் கடந்து போயிற்று. பத்து நிமிஷம் இருக்கும்.

"அம்மா சொன்னது சரி. நூறு மீட்டர் தள்ளித்தான் நிக்க வேணும், சட்டமே அதுதான்" என்றார் தம்பி. ஓர்கா சத்தம் எழுப்பி, அதன் எதிரொலியைக் கேட்டுத்தான் இரை தேடுகிறது. மோட்டார் இரைச்சலில் அந்தக் காது அடைத்துப்போகுமாம்.

பாட்டியே தலைவி

அமெரிக்கா, கனடா மேற்குக் கரையில் 1970களில் மைக்கேல் பிக் என்பவர் தொடங்கி, ஒவ்வொரு ஓர்காவையும் துடுப்பை வைத்து அடையாளம் கண்டு, குடும்பம் குடும்பமாகப் பதிவு செய்து வருகிறார்கள். அங்கே பிள்ளையும் சரி, பெண்ணும் சரி, வளர்ந்த பிறகும் தாயோடுதான் இருக்கின்றன. 17 மாதம் சுமந்து பெறுகிறாள் தாய். நாற்பது வயது வாக்கில் பிள்ளைப்பேறு நின்றுவிடுகிறது. ஆனால் ஆயுசு நிற்பதில்லை! எண்பது, அதற்கு மேலும்கூட இருக்கிறவை உண்டு. மனுஷியைப் போல மாதவிடாய் நின்றபின் இத்தனை காலம் வாழும் பிராணிகள் மிகச் சிலவே.

அந்த மிச்ச வயசு எதற்கு? 2015-ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது: பிள்ளை பெறும் காலம் முடிந்த பெண்களே கூட்டத்துக்கு முன்னால் போகின்றன. அதிலும் சால்மன் மீன் குறைந்த வருஷங்களில் அதிகமாக. எந்தக் காலத்தில் எங்கே தீனி கிடைக்கும் என்ற ஞாபகம் அவற்றிடம்தானே இருக்கிறது! 2012-ல் வந்த இன்னோர் ஆய்வு: முப்பது வயது தாண்டிய ஆண் ஓர்காவானாலும், தாய் இறந்த அடுத்த வருஷத்துக்குள் அது இறக்கும் அபாயம் 14 மடங்கு கூடுகிறதாம். இதைப் படித்துக் காட்டியபோது என் கணவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

பாசத்துக்கு இன்னோர் உதாரணம். 2018-ல் தாலெக்வா என்று பெயரிட்ட ஒரு தாய் ஓர்கா, பிறந்தவுடன் இறந்த தன் குட்டியை 17 நாள், சுமார் 1,600 கிலோமீட்டர் தலையில் தாங்கிக்கொண்டே நீந்தியது. 2025 ஜனவரியிலும் வேறொரு குட்டியை இழந்து அதே மாதிரி சுமந்தது. சால்மன் குறைந்ததும், கப்பல் இரைச்சலும், தண்ணீரில் கலந்த ரசாயனமும் சேர்ந்து அந்தக் கூட்டத்தில் இப்போது சுமார் 75 தான் மிச்சம்.

நம் தமிழ்நாட்டுக் கரையும் இந்தப் பாசத்தைப் பார்த்திருக்கிறது. 2016 ஜனவரியில் திருச்செந்தூருக்குப் பக்கம் மணப்பாடு, கல்லாமொழி கரைகளில் எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. அவையும் ஓர்காவுக்குப் பங்காளிகள். அவற்றிலும் பாட்டிகள் உண்டு. மீனவர்கள் கஷ்டப்பட்டுக் கடலுக்குள் தள்ளிவிட்டும், பல மறுபடி கரைக்கே திரும்பின.

போகிறவர்களுக்கு

விடியற்காலையில் கிளம்புங்கள், வெயிலும் அலையும் ஏறுவதற்குள் திரும்பலாம். வெறும் வயிறும் வேண்டாம், நிறைந்த வயிறும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். வாந்தி வருமென்றால் டாக்டரைக் கேட்டு, கிளம்புவதற்கு அரைமணி முன்பே மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். ஒரு எலுமிச்சம்பழம், தொப்பி, குடிநீர், மாற்றுப் புடவை. குழந்தைகளுக்கு அவர்கள் அளவு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஏறுங்கள். ஓர்கா தெரிவது அபூர்வம். நீலத் திமிங்கலமோ டால்பினோ தெரிந்தாலும் அதிர்ஷ்டமே. துரத்தச் சொல்லிப் படகோட்டியை வற்புறுத்தாதீர்கள்.

வீட்டில் பெரியவர்கள் இருந்து, உடம்பு இடம் கொடுத்தால், ரூமில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். என் மாமியார் ஊர் திரும்பியதிலிருந்து அந்த 'மூட்டை'ப் பேச்சை எடுப்பதில்லை. தெருவில் கேட்பவர்களுக்கெல்லாம் திமிங்கலக் கதை சொல்லவே நேரம் சரியாக இருக்கிறது. அடுத்தது குஜராத் துவாரகையாம். டிக்கெட் போடச் சொல்லியாயிற்று.