எது ஒடிய வேண்டும்?

முழுதாகச் செய்து விற்கிற சாமானை வாங்கினால் அது நம் வீட்டில் இருக்கும், அவ்வளவுதான். துண்டு துண்டாக வாங்கி நாமே பூட்டி முடித்த சாமான்தான் உண்மையில் நமக்குச் சொந்தம். அது நின்றுபோனால், ஏன் நின்றது என்று நமக்குத் தெரியும். இந்த ஞானம் எனக்கு வேதாந்த விசாரத்தினால் கிட்டியதல்ல. என் தங்கை மகனுக்கு வாங்கிக் கொடுத்த ஒரு விளையாட்டு வண்டியினால் கிட்டியது. அவன் தகப்பனார் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், பையன் மூலையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருக்கக்கூடாதே என்று வாங்கிய வண்டி அது.

வண்டிக்குப் 'பக்கி' என்று பெயர். தின்பண்டத்தைக் கண்டால் பறக்கிற பிள்ளைகளை நம் வீடுகளில் வைவார்களே, அந்தப் பக்கியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மணலிலும் மேடு பள்ளத்திலும் ஓடுவதற்கென்று பெரிய சக்கரங்களோடு செய்த மோட்டார் வண்டிக்கு அமெரிக்காவில் வழங்கும் பெயர் இது. அதைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கி, மின்சார மோட்டார் வைத்து, தூரத்தில் நின்றபடி ரேடியோ அலையால் ஓட்டுகிறார்கள். இதற்கென்று பந்தய மைதானங்களும் உலக சாம்பியன்களும் உண்டு என்று சொன்னால், நம்மில் பலர் சிரிப்பார்கள். ஐந்து நிமிஷப் பந்தயத்துக்காக ஐந்து நாள் ராத் தூக்கம் கெடுகிறவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

நான் வாங்கியது ஜப்பானில் ஷிஸுஒகா என்ற ஊரிலுள்ள டாமியா கம்பெனியின் சரக்கு. யோஷியோ டாமியா என்பவர் 1946-ம் வருஷம் அங்கே மரம் அறுக்கும் தொழில் தொடங்கினார். பிறகு மரத்தால் மாதிரிக் கப்பல்களும் வண்டிகளும் செய்தார். அப்புறம் பிளாஸ்டிக்குக்கு மாறினார். அவருடைய மகன் ஷுன்ஸாகு டாமியா காலத்தில், 1976-ல், மின்சாரத்தால் ஓடும் முதல் ரேடியோ கார் வெளிவந்தது. அது போர்ஷே காரின் மாதிரி. மாதிரி சரியாக அமையவேண்டும் என்பதற்காக அந்த மனிதர் நிஜமான போர்ஷே கார் ஒன்றையே விலைக்கு வாங்கி, அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் பார்த்தாராம். கழற்றிப் பார்க்கும் சிறுபிள்ளை ஆசையை முதுமை வரையில் விடாமலிருந்து, 2025-ல் தமது தொண்ணூறாவது வயதில் காலமானார்.

1984-ல் அந்தக் கம்பெனி 'வெட்டுக்கிளி' என்று பெயரிட்டு ஒரு பக்கியை விற்றது. விலை மலிவு, புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கென்றே செய்தது. 2005-ல் அதையே திரும்பவும் வெளியிட்டார்கள். பெட்டியைத் திறந்தால், கொடியில் காய் தொங்குவதுபோல் பிளாஸ்டிக் சட்டத்தில் பாகங்கள் தொங்கும். ஒவ்வொன்றாக நறுக்கி எடுத்து, பிசிறு சீவி, படத்தைப் பார்த்துத் திருப்புளியால் பூட்டவேண்டும். நாங்கள் நாலு சாயங்காலங்களில் பூட்டி முடித்தோம்.

உள்ளே நடப்பது இதுதான். கையிலுள்ள பெட்டி அனுப்பும் அலையை வண்டியிலுள்ள சிறு பெட்டி வாங்கிக்கொள்கிறது. 'செர்வோ' என்ற சின்னஞ்சிறு யந்திரம் முன் சக்கரங்களைத் திருப்புகிறது. வேகத்தைக் கவனிக்க இன்னொரு பெட்டி. அந்தக் காலத்து வண்டிகளில், வேகத்தைக் குறைப்பதென்றால் மின்சாரத்தின் ஒரு பகுதியை வெறும் சூடாக்கி வீணடிப்பார்கள். இப்பொழுது அந்தப் பெட்டி விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுத்து வேகத்தை அளக்கிறது. பின்னால் மோட்டாரும் கியர்ப் பெட்டியும் ஒன்றாகச் சேர்ந்து தொங்குகின்றன. ஒரு பின் சக்கரம் கல்மேல் ஏறினால் அந்தக் குடும்பமே சாய்கிறது. நாலு மூலையிலும் ஸ்பிரிங் உண்டு. ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்க எண்ணெய்க் குழாய் கிடையாது. ஆகையால் வண்டி மேட்டில் விழுந்தால் ஒரு தடவை குதித்து நிற்காது. நாலைந்து தடவை குதிக்கும். பெயர் வைத்தவர் ரசிகர்தான்!

ஒரு வாரம் ஓடியது. அப்புறம் பையனுக்கு ஆசை பிறந்தது.

"மோட்டாரை மட்டும் மாத்திட்டா போதும் மாமா. பறக்கும்!" என்றான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கிடைத்த காசு அத்தனையும் கையில் வைத்திருந்தான்.

'மட்டும்' என்ற சொல்லைப்போல் மனிதனை ஏமாற்றும் சொல் வேறில்லை. நாவல் எழுதுகிறவனுக்கு இது நன்றாகத் தெரியும். கதாநாயகியை மட்டும் கொஞ்சம் கெட்டிக்காரியாக்கலாம் என்று ஆரம்பித்தால், பழைய கதாநாயகன் அவள் பக்கத்தில் அசடாகத் தெரிவான். அவனையும் திருத்தினால் வில்லனின் சூழ்ச்சி குழந்தை விளையாட்டாகிவிடும். கடைசியில் பத்து அத்தியாயங்களைக் கிழிக்கவேண்டும்.

வண்டியிலும் அதே கதைதான். முதலில் வந்த மோட்டார் சுமார் 28 மில்லிமீட்டர் குறுக்களவு உள்ளது. பந்தயக்காரர்கள் சாதாரணமாக வைப்பது சுமார் 36 மில்லிமீட்டர். பெரியதை வைத்தோம். வேகம் வந்தது, கூடவே துள்ளலும் வந்தது. சக்கரம் ஆகாயத்தில் வெறுமே சுழன்று, தரையில் விழும்போது பல்சக்கரங்களில் அறைந்தது. பாட்டரி சீக்கிரம் தீர்ந்தது. துள்ளலை அடக்க எண்ணெய்க் குழாய்கள் வாங்கினோம். குழாய்க்குள் சிலிக்கோன் எண்ணெய். அதில் சிறு துளைகள் போட்ட ஒரு தட்டு ஏறி இறங்குகிறது. எண்ணெய் துளை வழியே மெதுவாக நழுவவேண்டியிருப்பதால் ஸ்பிரிங்கின் ஆத்திரம் தணிகிறது. கெட்டியான எண்ணெய் போட்டால் நிதானம் அதிகம். மிகவும் கெட்டியாகப் போட்டால் ஸ்பிரிங் இருப்பதற்கே அர்த்தமில்லை.

எல்லாவற்றிலும் பயன் தந்தது எது தெரியுமா? இருசுகள் சுழலும் இடங்களில் இருந்த சாதாரணப் புஷ்களை எடுத்துவிட்டுப் போட்ட பால்பேரிங்குகள். விலை அதிகமில்லை, வெளியே கண்ணுக்கும் தெரியாது. ஆனால் உராய்வில் வீணான சக்தி சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பையனுக்கு இதில் சற்று ஏமாற்றந்தான். சிநேகிதர்களிடம் காட்டிப் பெருமைப்படும்படி ஒன்றும் இல்லையே!

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டி முழு வேகத்தில் போய்க் கருங்கல்லில் மோதியது. முன் சக்கரத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் கை படக்கென்று ஒடிந்தது. பையன் முகம் சுண்டிவிட்டது. அன்று ராத்திரியே, "அலுமினியத்திலே விக்கிறான் மாமா. இனிமே ஒடியவே ஒடியாது" என்றான்.

"கை ஒடியாது. சரி, கல்லில் மோதின அதிர்ச்சி எங்கேடா போகும்?" என்றேன்.

அவனுக்குப் பதில் தெரியவில்லை. அதிர்ச்சி மறைந்துபோகிற வஸ்து அல்ல. கை ஒடிந்தால் அதோடு பெரும்பாலும் செலவாகிவிடும். கை ஒடியாவிட்டால், அது பூட்டியிருக்கிற உடம்புக்குப் போகும். கையை மாற்ற ஐந்து நிமிஷம் போதும். உடம்பு கீறிவிட்டால் வண்டியையே பிரிக்கவேண்டும்.

இதற்குப் பெரிய இடத்து அத்தாட்சி ஒன்றும் சொன்னேன். வெட்டுக்கிளி வந்த அதே 1984-ல் கலிபோர்னியாவில் அஸோஸியேட்டட் என்ற கம்பெனி 'ஆர்.ஸி. 10' என்ற பந்தயப் பக்கியை வெளியிட்டது. அதன் அடித்தளம் தங்க நிறம் ஏற்றிய அலுமினியம், பார்க்கவே ஜோராயிருக்கும். 1985-ல் அதே மாகாணத்தில் டெல் மார் என்ற ஊரில் நடந்த முதல் உலகப் போட்டியில், இரண்டு சக்கரத்தால் உந்தப்படும் வண்டிகளின் பிரிவில் ஜே ஹால்ஸி என்பவர் அதை ஓட்டித்தான் வென்றார். உடம்புக்கு அலுமினியம் போட்ட அந்தக் கெட்டிக்காரர்கள், சக்கரம் தாங்கும் கைகளுக்கு என்ன போட்டார்கள்? நைலான்! வளையவேண்டிய இடத்தில் வளையும்படி விட்டார்கள். எல்லா இடத்திலும் பலம் சேர்க்க எவனாலும் முடியும். பலம் எங்கே கூடாது என்று தெரிந்தவன்தான் யந்திர சாஸ்திரி.

நாங்கள் பேசிக்கொண்டிருந்ததை மாப்பிள்ளை திண்ணையில் சாய்வு நாற்காலியில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. இருதயத்தில் அடைப்பு. மிகவும் நல்லவர், கெட்டியானவர். இருபது வருஷமாக வீட்டில் எந்தக் கஷ்டத்தையும் யாரிடமும் சொன்னதில்லை. அவர் படுத்த பிறகுதான், ஏதோ பெரிய கடன் அவரை அரித்துக்கொண்டிருக்கிறது என்று எங்களுக்கு அரைகுறையாகத் தெரிந்தது. எவ்வளவு, யாரிடம் என்று என் தங்கை கேட்டால், "நான் பார்த்துக்கிறேன், உனக்கெதுக்கு?" என்பார்.

"என்னடா ஒடிஞ்சுது?" என்று பையனைக் கூப்பிட்டார்.

பையன் ஒடிந்த துண்டை அவர் கையில் கொடுத்தான். "முன் கை அப்பா. இது ஒடிஞ்சதாலேதான் பாடி தப்பிச்சுதாம். மாமா சொல்றார்."

மாப்பிள்ளை அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் பேசாமலிருந்தார். பையன் தூங்கப் போனான். நானும் எழுந்து உள்ளே போனேன். சிறிது நேரத்துக்கெல்லாம் திண்ணையில் அவர் என் தங்கையைக் கூப்பிடும் குரல் கேட்டது. பிறகு தணிந்த குரலில் பேச்சு. தொகை, வட்டி, கொடுத்தவர் பெயர், தவணை எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. என் தங்கை அழுதாள். அழுதுவிட்டுக் காகிதமும் பென்சிலும் எடுத்துவரப் போனாள்.

கடன் இன்னும் முழுதும் தீரவில்லை. என் தங்கை தன் பங்குக்குக் கணக்கு எழுதி வருகிறாள். பையன் மிச்சக் காசுக்கு அலுமினியம் வாங்கவில்லை. பிளாஸ்டிக் கைகளிலேயே இரண்டு ஜதை வாங்கி, ஒடியும்போது போடலாம் என்று பெட்டியில் பத்திரப்படுத்தியிருக்கிறான்.