நேத்து வரைக்கும் ஓடின வண்டி

“பார்ட்ஸ் எல்லாம் புதுசுண்ணே. ஆனா ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது.”

முப்பது வருஷமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதில் ‘ஆனா’ என்ற சொல்தான் தப்பு. புதுசு போட்டதால்தான் ஸ்டார்ட் ஆகவில்லை என்று வைத்துக்கொண்டு பானெட்டைத் திறந்தால் பாதி வேலை குறையும்.

போன சித்திரையில் பிள்ளையார்பாளையத்திலிருந்து அப்படி ஒரு போன் வந்தது. தறிக்காரர் வீட்டு அம்பாசடர், மார்க் 4, 1489 சிசி பெட்ரோல். வண்டி நின்றுபோன இடம் வீட்டு வாசல். விடிந்தால் அந்தத் தெருவில் பாவு விரிக்க வேண்டும். பட்டுப்பாவு தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டப்படும்போது நடுவில் ஒரு டன்னுக்கு மேல் இரும்பு உட்கார்ந்திருந்தால் அக்கம்பக்கத்தார் சும்மா இருப்பார்களா? தள்ளி ஓரங்கட்டலாம்தான். ஆனால் மறுநாள் முகூர்த்தம், அந்த வண்டியில்தான் மாப்பிள்ளை அழைப்பு.

பாலிடெக்னிக்கில் படிக்கிற அந்த வீட்டுப் பையன், சென்னை ஜி.பி. ரோட்டுக்குப் போய் பாயிண்ட், கண்டென்சர், ரோட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, நாலு பிளக், ஒயர் செட் எல்லாம் வாங்கி வந்து ஒரே மூச்சில் மாற்றியிருந்தான். நான் முதலில் கேட்டது, “எதுக்கு மாத்தினே தம்பி?”

“வெயில்ல ஓட்டினா நடுவழியில நின்னுடுது. அரை மணி கழிச்சு தானா ஸ்டார்ட் ஆயிடும்.”

அந்தப் பதிலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன்.

செல்ஃப் நன்றாகவே சுற்றியது. காயிலிலிருந்து மூடியின் நடுவுக்கு வருகிற தடித்த ஒயரைக் கழற்றி, எஞ்சின் இரும்புக்குக் கால் அங்குலம் தள்ளிப் பிடித்துச் சுற்றச் சொன்னேன். ஒன்றும் இல்லை. நல்ல வண்டியில் அந்த இடத்தில் நீலமாகப் பொறி ‘டக் டக்’கென்று குதிக்கும். அடுத்து டெஸ்ட் பல்பு. காயிலுக்கு உள்ளே வருகிற முனையில் எரிந்தது. பாயிண்டுக்குப் போகிற முனையில் எரியவில்லை. எஞ்சினைச் சுற்றும்போது அந்த இடத்தில் பல்பு மினுக்க வேண்டும். பாயிண்ட் மூடினால் அணையும், திறந்தால் எரியும். அணைந்தே கிடக்கிறது என்றால் கரண்டு எங்கேயோ நேராக பாடிக்கு இறங்குகிறது.

இந்த ஏற்பாடு புதிதில்லை. 1910இல் சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர் காடிலாக் காருக்காகச் செய்துகொடுத்ததுதான், கொஞ்சம் மெருகேறி அம்பாசடர் வரை வந்து சேர்ந்தது. காயிலில் கரண்டு ஓடும். பாயிண்ட் திறந்ததும் அறுபடும். அறுபடுகிற அந்த நொடியில் காயிலின் காந்தம் சரிந்து, பன்னிரண்டு வோல்ட் பல ஆயிரம் வோல்ட்டாக எகிறும். நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றினால் வினாடிக்கு நூறு பொறி. அத்தனையும் வருவது ஒயரை அறுப்பதால்தான், சேர்ப்பதால் இல்லை. அறுபடவே இல்லை என்றால் பொறியும் இல்லை.

மூடியைத் திறந்தேன். பாயிண்டின் ஸ்பிரிங் ஒரு சின்ன ஸ்டட்டில் உட்கார்ந்திருக்கும். அந்த ஸ்டட் பாடியோடு சேர்ந்தது. அதனால் ஸ்பிரிங்குக்கும் அதற்கும் நடுவே தொப்பி மாதிரி ஒரு பிளாஸ்டிக் புஷ். காயில் ஒயர், கண்டென்சர் ஒயர் இரண்டின் முனைகளும் ஸ்பிரிங்கைத் தொட்டபடி அந்தப் புஷ்ஷுக்கு அடியில் இருக்க வேண்டும். பையன் புஷ்ஷுக்கு மேலே வைத்து நட்டைப் பூட்டியிருந்தான். பார்வைக்கு ரொம்ப அழகாக, இறுக்கமாக இருந்தது. பாயிண்ட் எத்தனை திறந்தாலும் கரண்டு நட்டு வழியாக இறங்கிக்கொண்டே இருக்கும். சின்ன வயசில் நானே இதைச் செய்து, ராத்திரி முழுக்க காயிலைத் திட்டியிருக்கிறேன்.

முனைகளை அடியில் மாற்றி, ஃபீலர் கேஜில் பதினைந்து தௌ இடைவெளி வைத்தேன். பொறி வந்தது. வண்டி வரவில்லை. குலுங்கியது, கார்புரேட்டர் வழியாகத் தும்மியது, ஒரு தரம் சைலன்சரில் வெடித்துத் திண்ணையில் தூங்கின பூனையை விரட்டியது.

தும்மினால் சந்தோஷம்தான். பெட்ரோல் இருக்கிறது, பொறி இருக்கிறது, நேரம்தான் தப்பு. இந்த எஞ்சினில் பொறி போகிற வரிசை 1, 3, 4, 2. ரோட்டர் இடப்பக்கமாகச் சுற்றும். பையன் வரிசையைச் சரியாகத்தான் மாட்டியிருந்தான். கடிகாரம் சுற்றுகிற பக்கமாக மாட்டிவிட்டான். இதில் வேடிக்கை என்னவென்றால் ஒன்றும் நாலும் அப்படியும் சரியான இடத்தில் விழுந்துவிடும். மூன்றும் இரண்டும் மட்டும் இடம் மாறும். பாதி சரியாக இருக்கிற வண்டி, முழுக்கச் செத்த வண்டியைவிட அதிகம் ஏய்க்கும்.

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தறிக்காரர், “பழைய பாவு முடிஞ்சா புதுப் பாவை ஒவ்வொரு இழையா பிணைப்போம். எல்லாத்தையும் அறுத்துப் போட்டுட்டு அப்புறம் எது எதோடன்னு தேடுவோமாடா?” என்றார். பையன் என்னைப் பார்த்தான். அவனைக் காப்பாற்ற எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவர் சொன்னதுதான் எங்கள் வேலையும்: ஒரு ஒயரைக் கழற்று, ஒன்றை மாட்டு. ஒன்றை மாற்று, ஸ்டார்ட் செய்து பார், பிறகு அடுத்தது.

இரண்டு ஒயரை இடம் மாற்றினேன். சுற்றிச் சுற்றிப் பெட்ரோலில் நனைந்திருந்த பிளக்குகளைத் துடைத்துப் போட்டதும் வண்டி பிடித்துக்கொண்டது.

கழற்றிப் போட்ட பழைய சாமான்களைத் தேடி எடுத்து டிக்கியில் வைத்தேன். பழைய கண்டென்சர், ரோட்டர் எதையும் நான் தூக்கி எறிய விடுவதில்லை. பெட்டியிலிருந்து வந்ததே செத்து வருவது இந்தத் தொழிலில் சகஜம். பழசைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பதைவிட மலிவான சோதனை கிடையாது.

பையில் மடித்து வைத்த பதிலுக்கு வருகிறேன். வெயிலில் நின்று, ஆறினதும் தானாக ஓடுகிற அம்பாசடருக்குப் பாயிண்டைக் குறை சொல்வதற்கு முன்னால் பெட்ரோல் பம்பைப் பார்க்க வேண்டும். பம்பு எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே இருக்கிறது. சூட்டில் பெட்ரோல் ஆவியாகி பைப்பை அடைத்துக்கொள்ளும். அந்தக்கால டிரைவர்கள் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றிக்கொண்டு ஓட்டியது இதனால்தான். இந்த வண்டியில் பெட்ரோல் பைப் யாரோ வளைத்துவிட்டதில் எக்ஸாஸ்டை உரசிக்கொண்டிருந்தது. தள்ளிக் கட்டினேன். புது சாமான் அத்தனையும் வேண்டாத செலவு என்று நான் சொல்லவில்லை. தறிக்காரருக்கே புரிந்துவிட்டது.

அவர் உள்ளே போய் நாலு நிறத்தில் பட்டுக் கழிவு நூல் கொண்டுவந்தார். முதல் சிலிண்டர் ஒயரிலும் மூடியில் அது ஏறுகிற துளையின் கழுத்திலும் அரக்கு, அடுத்ததற்கு மாம்பழ மஞ்சள், பிறகு பச்சை, நீலம் என்று நெசவு முடிச்சாகப் போட்டார். ஆடி மாசம் ஆயில் மாற்ற வண்டி வந்தபோது மஞ்சள் கறுத்துப்போயிருந்தது. என்னிடம் புதிதாகச் சேர்ந்த பையன் எட்டிப் பார்த்துவிட்டு, “எந்தக் கோயில்ல கட்டினதுண்ணே?” என்று கேட்டான்.