தங்க வயலின் பிள்ளைகள்

ஒகேனக்கல்லில் குதிக்கும் காவிரியைக் கண்டு மகிழாத தர்மபுரி யாத்திரிகர் உண்டோ? அதே காவிரி, அங்கு வந்து சேருமுன் சிவசமுத்திரத்தில் மின்சாரமும் தருகிறது. அந்த மின்சாரம் 1902-ஆம் வருஷத்திலேயே கோலார் தங்க வயலை எட்டியது. பெங்களூர் வீதிகளுக்கு மின்விளக்கு வந்ததோ 1905-இல்தான்!

தங்க வயலுக்குப் போனது மின்சாரம் மட்டுமன்று. மழை பொய்த்த தர்மபுரி, சேலம், வட ஆற்காடு கிராமங்களிலிருந்து ஏழை ஜனங்களும் பிழைப்புத் தேடிப் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற ஆதிதிராவிடர்கள்.

அங்கே பிள்ளைக்கு மீசை அரும்பினால் சுரங்கத்துக்குப் போகும் வயது வந்துவிட்டதென்று பொருள். தகப்பன் இறங்கிய கூண்டிலேயே மகனும் இறங்குவான். சாம்பியன் ரீப் சுரங்கத்தின் ஆழம் சுமார் 3,200 மீட்டர். அடிப்பாறையின் சூடு 60 டிகிரிக்கும் மேல். பாறை வெடித்து மாண்டவர் பலர். கல் தூசியால் நுரையீரல் கெட்டவரும் பலர். தங்கம் கப்பலேறிற்று, வெட்டியவன் வீட்டுக்கு வந்தது கூலி மட்டுமே.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. இன்று அங்கே குன்றுகளாக நிற்பவை சயனைட் மண்மேடுகள். மாரிக்குப்பத்திலிருந்து அதிகாலையில் பெங்களூருக்கு ரயில் புறப்படுகிறது. மீசை அரும்பிய பிள்ளை இப்போது அதில் ஏறுகிறான்.

அன்று குழிக்குள் போன மகன் மீள்வானோ என்று தாய் அஞ்சினாள். இன்று அவனுக்கு ஊரிலேயே ஒரு வேலை கிட்டாதா என்று ஏங்குகிறாள். பிழைப்புத் தேடிப் பாட்டன் தொடங்கிய பிரயாணம் பேரனிடத்திலும் முடியவில்லை. பொன் எடுத்துக் கொடுத்த குடும்பங்களுக்குத் தேசம் பட்ட கடனும் அவ்வாறே நிற்கிறது.