கேஷ் - ஒரு சொல், மூன்று பூர்வீகம்

பி.காம் படிக்கிறவனுக்கு 'கேஷ்' தினசரி சோறு மாதிரி. கேஷ் புக், கேஷ் கிரெடிட், கேஷ் ஃப்ளோ... "அது நம்ம காசுதான்டா!" என்று நண்பர்கள் மார்தட்டுவார்கள். பாதிதான் உண்மை மக்களே!

ரொக்கம் என்கிற கேஷ், பணப்பெட்டிக்கான பிரெஞ்சுச் சொல்லில் இருந்து வந்தது. மூலம் லத்தீன் 'காப்சா', அதாவது பெட்டி. கேஷியர் அந்த வீட்டுப் பிள்ளை. ராணுவ அதிகாரியைப் பதவிநீக்கம் செய்வதற்கும் 'கேஷியர்' என்பார்கள். அது டச்சு வழி வந்த வேறு சொல்.

நம்ம காசு, போர்த்துகீசியர் வாயில் 'காய்ஷா' ஆகி, தனி வழியில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. 1818-க்கு முன் மதராஸில் 80 காசு ஒரு பணம். நடுவில் சதுர ஓட்டை போட்ட சீன நாணயத்துக்கும் ஆங்கிலத்தில் இந்தக் 'கேஷ்'தான் பெயர்!

இத்தனை தூரம் போன சொல்லுக்கு இரவல் பெருமை எதற்கு? அடுத்தவர் வரவை நம்ம பேரேட்டில் எழுதினால், சொந்த வரவையும் யாரும் நம்பமாட்டார்கள்.