சத்தம் ஒரு பக்கம், தேய்வு ஒரு பக்கம்

பாறசாலையில் ரயில்வே குமாஸ்தாவாக இருக்கும் எனக்கு மோட்டார் சாஸ்திரம் தெரியாது. படிப்பும் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆயினும் சென்ற ஆவணி மாதம் எங்கள் வீட்டுப் பழைய அம்பாஸிடர் கார் எனக்கு ஒரு பாடம் கற்பித்தது. பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்து குடியேறிய நம் குடும்பத்தாருக்கு அது பயன்படலாம் என்று கருதி எழுதுகிறேன்.

என் தகப்பனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, களியக்காவிளையில் வாடகைக் கார் ஓட்டியவர். 1956 நவம்பர் முதல் தேதி விளவங்கோடு தாலுகா சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது; நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. அந்த எல்லைக்கு இருபுறமும் உள்ளவர்களைக் கல்யாணத்துக்கும் பிரசவத்துக்கும் ஏற்றிச் சென்ற வண்டி அது. இப்போது வாடகைக்கு ஓடுவதில்லை. வீட்டு முற்றத்தில் நிற்கிறது.

அந்த வண்டியில் சில மாதங்களாக ஸ்டியரிங்குக்கு அடியில் ‘கடகட’ என்று ஓயாத சத்தம். நகரத்து ஒர்க்‌ஷாப் ஒன்றில் காட்டினேன். கியர்ப்பெட்டியையே இறக்க வேண்டும் என்று என் இரண்டு மாதச் சம்பளத்தைக் கேட்டார்கள். பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று தீர்மானித்து, ஒருநாள் இரவு சாப்பாட்டின்போது தகப்பனாரிடம் சொன்னேன். அவர் தலையை அசைத்துவிட்டு எழுந்து போனார். அதன்பின் எதைக் கேட்டாலும் ஒரு சொல், அல்லது அதுவும் இல்லை. கோபித்துக்கொண்டார் என்று நினைத்து நானும் பேச்சைக் குறைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் தாமே வண்டியைத் திறந்து உட்கார்ந்து என்னைக் கைகாட்டி அழைத்தார். என்ஜினை ஓடவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, கிளட்சை மிதித்தார். “சத்தம் நின்னுச்சா லே?” என்றார். நிற்கவில்லை என்றேன். கியர்ப்பெட்டிக்குள் கோளாறு என்றால் கிளட்சை மிதித்ததும் பெரும்பாலும் சத்தம் மாறும் என்றார். பிறகு கியர்க் கம்பியை உள்ளங்கையால் இறுகப் பற்றினார். சத்தம் சட்டென்று அடங்கியது.

1957 முதல் 2014 வரை வங்காளத்து உத்தர்பாராவில் செய்யப்பட்ட அம்பாஸிடர்களில், பழையவற்றுக்குக் கியர்க் கம்பி ஸ்டியரிங் சக்கரத்தின் கீழே இருக்கும். அதிலிருந்து ஒரு நீண்ட தண்டு இறங்கி, அடியில் சிறு கைகளில் முடியும். அவற்றைக் கியர்ப்பெட்டியோடு கோல்கள் இணைக்கும். ஸ்டியரிங் தண்டு வண்டியின் உடலோடு அசையாமல் நிற்கிறது. கியர்ப்பெட்டியோ என்ஜினோடு சேர்ந்து ரப்பர்த் தாங்கிகளின் மேல் அதிர்கிறது. இரண்டுக்கும் நடுவே மூட்டுகளில் உள்ள புஷ் தேய்ந்தால் இரும்பு இரும்பைத் தட்டும். அந்த ஓசை தண்டு வழியே மேலேறிச் சக்கரத்தடியில் கேட்கும். சத்தம் ஒரு பக்கம், தேய்வு ஒரு பக்கம்!

என்ஜினை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் வைத்து, பானெட்டைத் திறந்தோம். அவர் மேலே கம்பியை மெல்ல ஆட்ட, நான் கீழ் மூட்டில் விரல் வைத்துப் பார்த்தேன். தண்டின் கை அசைந்து சற்றுப் பிந்தியே கோல் அசைந்தது. “கண்டுகொண்டேன், நிறுத்துங்கள்!” என்றேன். அவர் நிறுத்தவில்லை. மும்முறை கூவினேன். அதற்குள் என் விரல் நசுங்கி இரத்தம் வந்துவிட்டது.

ஓடிவந்தவர் என் விரலைத் தம் வேட்டியில் சுற்றினார். நான் கூவியது அவர் காதில் விழவே இல்லை. “ரெண்டு வருஷமா இப்படித்தான் மக்கா. சொன்னா நீ வண்டியத் தொட விடமாட்டேன்னு இருந்துட்டேன்” என்றார். அந்தச் சத்தத்தையும் அவர் கேட்டறியவில்லை. கம்பியின் அதிர்வை உள்ளங்கையால் அறிந்தார். அன்றிரவு நான் வண்டியை விற்பதாகச் சொன்னதும் அவருக்குப் பாதிதான் விளங்கியிருக்கிறது. கோபம் என்று நான் எண்ணிய மௌனம் கோபமே அன்று.

மறுவாரம் மார்த்தாண்டத்தில் புஷ், பின், வாஷர் வாங்கினோம். தேய்ந்து பள்ளம் விழுந்த பின்னை மாற்றாமல் புஷ்ஷை மட்டும் மாற்றினால் விரைவில் மறுபடி ஆடும் என்றார். கிரீஸ் தடவிப் பூட்டி, ஸ்பிளிட் பின் இட்டு, நியூட்ரலில் கோலின் நீளத்தைச் சரிசெய்து, என்ஜினை ஓட்டாமலே நான்கு கியரும் ரிவர்ஸும் விழுகின்றனவா என்று பார்த்தோம். வெடித்திருந்த என்ஜின் தாங்கி ரப்பரைத் தெரிந்த மேஸ்திரி மாற்றித் தந்தார். செலவு ஒர்க்‌ஷாப்பார் கேட்டதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

பின்பு தகப்பனாரைத் திருவனந்தபுரம் ஆக்குளத்தில் உள்ள ‘நிஷ்’ என்னும் பேச்சு, கேட்டல் நிலையத்துக்கு அழைத்துச் சென்று காதைச் சோதித்தேன். இப்போது கருவி அணிந்திருக்கிறார். வண்டியைத் தனியே வெளியில் எடுப்பதில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். நான் ஓட்டும்போது பக்கத்தில் அமர்ந்து, “கிளட்சை முழுசா மிதி லே” என்று கடிந்துகொள்கிறார்.

நம் வீடுகளில் முதியவர் ஒருவர் பேச்சைக் குறைத்தால், கோபம் என்று நாமே முடிவு கட்டாமல், அருகே அமர்ந்து முகம் பார்த்து ஒரு முறை கேட்டுவிடுவோம். இரண்டு ஆண்டுகள் நான் அதைச் செய்யவில்லை.